கடைக்குப் போகும் முன் கூடத்தை அளந்துவிடுங்கள்

டிவி வாங்கப் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி "எந்தக் கம்பெனி நல்லா இருக்கும்?" என்பதுதான். என்னைக் கேட்டால் அதைக் கடைசியாகக் கேட்கலாம். கும்பகோணம், பாபநாசம், வலங்கைமான் என்று எங்கள் சுற்றுவட்டாரத்தில், சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்துப் பணம் வங்கிக் கணக்கில் ஏறியதும் வாங்கும் சாமான்களில் பெரிய டிவி இப்போது முன்னால் வந்துவிட்டது. முப்பதாயிரம், நாற்பதாயிரம் என்பது சின்ன விவசாயக் குடும்பத்துக்கு ஒரு போக வரும்படியில் பெரிய துண்டு. அந்தப் பணத்தை, கடைச் சுவரில் ஓடுகிற கடல், கிளி, பூ வீடியோவைப் பார்த்துப் பத்து நிமிஷத்தில் கொடுத்துவிட்டு வருகிறார்களே என்று எனக்கு மனசு கேட்பதில்லை. சொந்தக்காரர்களில் யார் டிவி எடுப்பதென்றாலும் எனக்கு ஒரு போன் வரும், அவர்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னதையெல்லாம் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

நான் சொல்வது ஒன்றுதான். டிவியை வீட்டில் இருந்துகொண்டே தேர்ந்தெடுத்துவிட வேண்டும், கடைக்குப் போவது பணம் கட்டத்தான். எங்கே உட்காருகிறோம், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது, கேபிளில் என்ன தரத்தில் படம் வருகிறது, கெட்டுப்போனால் யார் வந்து பார்ப்பார்கள். இந்த நாலுக்கும் பதில் தெரிந்தால் கம்பெனிப் பெயர் தானாக வந்து நிற்கும்.

முதலில் அளவு. இன்ச் என்பது திரையின் மூலைக்கு மூலை குறுக்களவு. 43 இன்ச் டிவி அகலத்தில் சுமார் 95 செ.மீ., மூன்றடிக்குக் கொஞ்சம் கூட. 55 இன்ச் என்றால் 122 செ.மீ., நாலடி. 65 இன்ச் 144 செ.மீ., ஏறக்குறைய நாலே முக்கால் அடி. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் கட்டிய காங்கிரீட் வீடுகளில் கூடத்துச் சுவரில் டிவிக்கென்றே மூன்றடி அகலத்துக்கு ஷோகேஸ் விட்டுக் கட்டியிருப்பார்கள். அதில் 32 இன்ச் நன்றாக உட்காரும், 43 இன்ச் ஒரு விரற்கடையில் நுழையாது. மேசையில் வைப்பதானாலும், இப்போது வரும் டிவிகளில் நிறைய இரண்டு ஓரத்திலும் கால் வைத்தே வருகின்றன, 55 இன்ச்சுக்கு நாலடி மேசை இல்லையென்றால் ஒரு கால் அந்தரத்தில் நிற்கும். கடையில் கால் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று டேப் வைத்து அளந்து பார்ப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

அப்புறம் தூரம். நாற்காலியோ பாயோ, நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து டிவி மாட்டப்போகும் சுவர் வரை அளங்கள். டிவியின் இன்ச்சை 1.6 ஆல் பெருக்கி 12 ஆல் வகுத்தால் எத்தனை அடி தள்ளி உட்கார்ந்தால் சுகமாக இருக்கும் என்று கிடைக்கும். 43 இன்ச்சுக்கு ஐந்தே முக்கால் அடி, 55 இன்ச்சுக்கு ஏழே கால் அடிக்குச் சற்று மேல், 65 இன்ச்சுக்கு எட்டரையிலிருந்து ஒன்பதடி. கலைஞர் கனவு இல்லம் போல 360 சதுர அடியில் கட்டிய வீடு என்றால் கூடத்தில் ஏழடிக்கு மேல் கிடைப்பது கஷ்டம், அங்கே 43 தாராளமாகப் போதும், 50 கூடப் பார்க்கலாம். பழைய ஓட்டு வீடு, நீளமான கூடம், தாழ்வாரத்தில் உட்கார்ந்து பார்க்கிற வழக்கம் என்றால் 55-க்குக் குறைத்து எடுக்காதீர்கள். 43-ஐவிட 55-ன் பரப்பு ஒன்றரை மடங்குக்கும் மேல், நீங்கள் இதுவரை பார்த்துக்கொண்டிருக்கும் 32-ஐவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. கண் பார்வை குறைந்த பெரியவர்களுக்கு கீழே ஓடும் செய்தி எழுத்தைப் படிக்க முடிகிறதா இல்லையா என்பது இந்தப் பரப்பில்தான் இருக்கிறது.

உயரத்தைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. 2006-ல் ஆரம்பித்த இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் வந்த 14 இன்ச் டிவிக்கு, பிள்ளைகள் கை வைக்காமல் இருக்கட்டும் என்று மூலையில் உயரமாக ஒரு சிமெண்ட் பலகையோ ஸ்டாண்டோ அடித்து வைத்தோம். அன்றைக்கு அது சரி. இன்றைக்கும் ஆள் வந்து "எங்க சார் மாட்டணும்?" என்று கேட்டால் கை தானாக அந்த உயரத்தைக் காட்டுகிறது. நாலடி அகலத் திரையை அங்கே மாட்டினால் அரை மணி நேரத்தில் கழுத்து வலிக்கும். திரையின் நடுப்பகுதி உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். நாற்காலிக்கு அது தரையிலிருந்து மூன்றரை அடி, பாயில் உட்காருகிறவர்களுக்கு இரண்டரை அடி. எங்கள் வீட்டில் அப்பாவுக்கு ஈஸிசேர், பிள்ளைகளும் அம்மாவும் தரையில், அதனால் இரண்டுக்கும் நடுவே மூன்றடியில் வைத்தோம், ஒருவருக்கும் தொந்தரவு இல்லை.

ஓட்டு வீட்டில் சுவரில் மாட்டுவதாக இருந்தால் சுவரைத் தட்டிப் பாருங்கள். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் வைத்துக் கட்டிய பழைய சுவர் பார்க்கக் கெட்டியாக இருக்கும், துளை போட்டால் பொடிப் பொடியாக உதிரும். கம்பெனி ஆள் கொண்டுவரும் சின்ன பிளாஸ்டிக் பிளக் அதில் நிற்காது. 55 இன்ச் டிவி பத்துப் பதினைந்து கிலோ இருக்கும், அந்த எடையைக் காரை தாங்காது. ஒரு பலகையை நீள போல்ட் போட்டு நாலைந்து இடத்தில் சுவரோடு இறுக்கிவிட்டு, அதன்மேல் ஸ்டாண்டைப் பொருத்துவது நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் ஓதம் காத்து நிற்கும் சுவர் என்றால் மாட்டவே மாட்டாதீர்கள், மேசைதான். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் பக்கம் இருப்பவர்கள் கடற்காற்று நேராக அடிக்கும் ஜன்னலுக்கு எதிரே வைக்க வேண்டாம், உப்புக்காற்று பின்பக்கம் இருக்கும் பின்களையும் போர்டையும் மெல்ல அரித்துவிடும்.

இனி வெளிச்சம். முற்றம் உள்ள வீடுகளில் பகல் முழுக்க மேலிருந்து வெளிச்சம் கொட்டும். முற்றத்துக்கு எதிர்ச்சுவரில் டிவியை மாட்டினால் திரையில் முற்றத்துக் கொடிக்கயிறும் காயும் துணியும்தான் தெரியும். முற்றத்துக்குப் பக்கவாட்டுச் சுவர் கிடைத்தால் அதுவே சிறந்த இடம். திரையின் வெளிச்சத்தை நிட்ஸ் என்ற அலகில் அளப்பார்கள், குறைந்த விலை டிவிகளில் அது பெரும்பாலும் 250, 300 நிட்ஸ் அளவில்தான் இருக்கும், நேர் வெளிச்சத்தை எதிர்த்து நிற்க அது போதாது. இருட்டறை இல்லாத வீட்டில் ப்ரொஜெக்டர் வாங்குவதை இதே காரணத்துக்காகத்தான் நான் யாருக்கும் சொல்வதில்லை.

இதோடு சேர்ந்ததுதான் பேனல் விஷயம். எல்இடி டிவி என்று விற்பதெல்லாம் உள்ளே எல்சிடி திரைதான், பின்னால் இருந்து எல்இடி விளக்கு வெளிச்சம் கொடுக்கிறது. அந்தத் திரையில் இரண்டு ஜாதி. விஏ என்பதில் கறுப்பு நல்ல கறுப்பாகத் தெரியும், நேராக உட்கார்ந்து பார்க்க அருமை, பக்கவாட்டில் போனால் நிறம் வெளுத்துவிடும். ஐபிஎஸ் என்பதில் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது, ஆனால் விளக்கை அணைத்துவிட்டுப் படம் பார்த்தால் கறுப்பு சாம்பலாகத் தெரியும். ஒற்றைச் சோபாவில் நேராக உட்கார்ந்து ராத்திரி படம் பார்க்கும் வீட்டுக்கு விஏ. எங்களைப் போல ஒருவர் ஊஞ்சலில், ஒருவர் சமையல்கட்டு வாசலில், ஒருவர் தாழ்வாரத்தில் என்று சிதறி உட்கார்ந்து பார்க்கிற வீட்டுக்கு ஐபிஎஸ் வகைதான் பொருந்தும். பெட்டியில் இதைப் பெரும்பாலும் போடமாட்டார்கள், ஒரே மாடலில் இரண்டு வகைப் பேனலும் வருவதுண்டு. கடையில் டிவி ஓடும்போது நேரே நின்று ஒரு முகத்தைப் பாருங்கள், அப்படியே பக்கவாட்டில் நாலைந்தடி நகர்ந்து அதே முகத்தைப் பாருங்கள். தோல் நிறம் மங்கினால் தெரிந்துவிடும். இதற்கு எந்தப் படிப்பும் வேண்டாம், என் அத்தை செய்து பார்த்துக் கடைக்காரரிடமே எடுத்துச் சொன்னார்.

இப்போது, நான் எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைக்கும் விஷயம். இந்தப் பெரிய திரைக்குள் என்ன வரப்போகிறது?

நம் ஊர்களில் இன்னும் நிறைய வீடுகளில் கேபிள்தான். 2011-ல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்ததிலிருந்து கேபிள் இல்லாத வீட்டைப் பார்ப்பது அரிதாகிவிட்டது. அரசு கேபிளோ தனியாரோ, சாதாரணப் பேக்கேஜில் வரும் சேனல்களில் பெரும்பாலானவை எஸ்டி. எஸ்டி என்றால் படத்தில் குறுக்கே 720 புள்ளி, நெடுக்கே 576 புள்ளி. மொத்தம் நாலு லட்சத்துச் சொச்சம். 4கே திரையில் இருப்பது குறுக்கே 3840, நெடுக்கே 2160, மொத்தம் எண்பத்து மூன்று லட்சம் புள்ளி. வருகிற ஒரு புள்ளியை டிவி இருபது புள்ளியாக ஊதிக் காட்ட வேண்டும். கைக்குட்டையை இழுத்துப் பாயாக விரிக்கச் சொல்வது போலத்தான். பழைய 32-ல் தெளிவாக இருந்த சீரியல் புது 55-ல் மங்கலாகத் தெரியும்போது "டிவி சரியில்ல, ஏமாத்திட்டாங்க" என்று வருத்தப்படுகிறார்கள். டிவி சரியாகத்தான் இருக்கும், வருகிற படம்தான் அவ்வளவு.

ஆகவே டிவிக்குப் போட்டிருக்கும் பட்ஜெட்டில் எச்டி பாக்ஸுக்கும் எச்டி சேனலுக்கும் ஒரு பங்கு ஒதுக்குங்கள். கேபிள்காரரைக் கூப்பிட்டு, எச்டி பாக்ஸ் இருக்கிறதா, வீட்டில் பார்க்கும் நாலைந்து சேனலுக்கு மட்டும் எச்டி எடுத்தால் மாதம் எவ்வளவு கூடும் என்று கேளுங்கள். எல்லா சேனலும் தேவையில்லை. அம்மா பார்க்கும் சீரியல் சேனல், அப்பா பார்க்கும் செய்தி, கிரிக்கெட் வரும் ஒன்று, அவ்வளவுதான். பாக்ஸை டிவியோடு இணைக்க எச்டிஎம்ஐ வயர் போடச் சொல்லுங்கள். எத்தனையோ வீட்டில் புது 4கே டிவியில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனை வைத்த பழைய வயரையே செருகிவிட்டுப் போயிருக்கிறார்கள், அந்த வயரில் எச்டி வரவே வராது. படம் இரண்டு பக்கமும் இழுபட்டு எல்லோரும் குண்டாகத் தெரிந்தால் பாக்ஸ் ரிமோட்டில் திரை விகிதம் மாற்றும் பட்டனை அமுக்கிச் சரி செய்யலாம்.

கேபிளை விட்டுவிட்டு இணையத்தில்தான் பார்க்கப் போகிறோம் என்றால் கணக்கு வேறு. யூடியூபில் 4கே தடங்கலில்லாமல் ஓட இணைய வேகம் 20 எம்பிபிஎஸ் வேண்டும், ஃபுல் எச்டிக்கு 5 போதும். ஃபைபர் இணைப்பு உள்ள வீட்டுக்கு இது பெரிய விஷயமே இல்லை. போன் ஹாட்ஸ்பாட் போட்டுப் பார்ப்பவர்கள் யோசிக்க வேண்டும், 4கே படம் ஒரு மணி நேரத்துக்கு ஏழு ஜிபி வரை இழுக்கும், தினம் இரண்டு ஜிபி பேக் டைட்டில் கார்டு தாண்டிக் கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும். பழைய வீட்டுச் சுவர்களின் கனத்துக்கு வைஃபை திணறும், ரவுட்டர் திண்ணையறையில், டிவி கூடத்தில் என்றால் ஒரு லேன் வயர் இழுத்துவிடுவது நிரந்தரத் தீர்வு.

கடையில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். க்யூஎல்இடி என்றால் அதே எல்சிடி திரைக்குப் பின்னால் நிறத்தைக் கூட்டும் ஒரு படலம் சேர்த்தது, நிறம் நிஜமாகவே நன்றாக இருக்கும், ஆனால் கறுப்பு அதனால் ஆழமாகிவிடாது. ஓஎல்இடி முற்றிலும் வேறு, ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், நம் பட்ஜெட்டுக்கு வெளியே. வெளிச்சமான இடத்தையும் இருட்டான இடத்தையும் இன்னும் எடுப்பாகக் காட்டும் எச்டிஆர், டால்பி விஷன் என்று எழுதியிருந்தாலும் 300 நிட்ஸ் திரையில் அதன் பலன் சொற்பம், அதற்கென்று இரண்டாயிரம் மூவாயிரம் கூடக் கொடுக்காதீர்கள். ஹெர்ட்ஸ் என்பது திரையில் நொடிக்கு எத்தனை முறை படம் மாறுகிறது என்ற கணக்கு, 120 ஹெர்ட்ஸ் கேம் விளையாடும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு உதவும், நம் சேனல்களில் வரும் கிரிக்கெட் 50-க்கு மேல் வருவதே இல்லை. நான் பணம் போடச் சொல்வது வேறு இடங்களில். ராம் என்னும் வேலை செய்யும் நினைவகம் குறைந்தது 2 ஜிபி, அதற்குக் கீழே என்றால் இரண்டு வருஷத்தில் யூடியூப் திறக்கவே அரை நிமிஷம் ஆகும். எச்டிஎம்ஐ துளை மூன்று. அதில் ஒன்றில் ஏஆர்சி என்று எழுதியிருக்க வேண்டும், பிற்பாடு சவுண்ட்பார் என்னும் நீள ஸ்பீக்கர் வைத்தால் டிவியின் சத்தம் அந்தத் துளை வழியாக அதற்குப் போகும். ப்ளூடூத் கட்டாயம் இருக்கட்டும், காது மந்தமான தாத்தாவுக்கு ஒரு நெக்பேண்ட் மாட்டிவிடலாம், வீடே அதிரும்படி சத்தம் வைக்கத் தேவையிருக்காது.

சத்தம் என்றதும் ஒன்று. மெல்லிய டிவிகளில் ஸ்பீக்கர் கீழ்ப்பக்கம் பார்த்து இருக்கும், ஃபேன் ஓடும் கூடத்தில், மேலே திறந்த முற்றத்தில் அந்த ஒலி கரைந்துவிடும், வசனம் புரியாது. 20 வாட்ஸுக்கும் 30 வாட்ஸுக்கும் கடையில் வித்தியாசம் தெரியாது, வீட்டில் தெரியும். ஒலி அமைப்பில் பேச்சைத் தெளிவாக்கும் முறை ஒன்று இருக்கும், முதலில் அதைப் போட்டுப் பாருங்கள், போதவில்லை என்றால் மட்டும் சவுண்ட்பார்.

பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீடு என்றால் இன்னொன்றையும் செய்து கொடுங்கள். டிவியைப் போட்டதும் முகப்புப் பக்கத்தில் ஆப் படங்களாக வந்து நின்றால் அவர்கள் தடுமாறுகிறார்கள். அமைப்பில், போட்டதும் நேராக செட்டாப் பாக்ஸ் இருக்கும் எச்டிஎம்ஐக்குப் போகும்படி வைக்க வசதி இருக்கிறதா என்று கடையிலேயே கேளுங்கள். கூகுள் டிவி, சாம்சங்கின் டைசன், எல்ஜியின் வெப்ஓஎஸ், இதில் எது என்பதைவிட இந்த ஒரு வசதி எங்கள் அம்மாவுக்குப் பெரிதாக இருந்தது.

கரண்ட். டிவிக்குப் பின்னால் 100 முதல் 240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் கோடையில் போர் மோட்டார்கள் ஓடும்போது வோல்டேஜ் இறங்குவதை அது சமாளித்துக்கொள்ளும். பயப்பட வேண்டியது மேலே ஏறுவதற்குத்தான். லைனில் நியூட்ரல் அறுந்தால் வீட்டுக்குள் 230-க்குப் பதில் 400 வரை வரலாம், அப்போது டிவி, மிக்சி, ஃபேன் எல்லாம் ஒரே நொடியில் போய்விடும். அதிக வோல்டேஜில் தானாகத் துண்டிக்கும் ஸ்டெபிலைசராகப் பார்த்து வாங்குங்கள், எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். இடி மழையில் ப்ளக்கைப் பிடுங்குகிறோம், கேபிள் வயரை மறந்துவிடுகிறோம். இடி கேபிள் வயர் வழியாகவும் இறங்கும், பாக்ஸைத் தாண்டி எச்டிஎம்ஐ வழியாக டிவி போர்டு வரை போகும். இரண்டையும் கழற்றுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு எத்தனையோ ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த மாதிரி நேரத்தில் லைன் திரும்ப வந்தவுடனே டிவியைப் போடாமல், மற்ற விளக்குகள் நிலையாக எரிகின்றனவா என்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போடுவது நல்லது.

மின்கட்டணத்துக்குப் பயந்து சின்ன டிவி எடுப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 55 இன்ச் டிவி சராசரி 100 வாட்ஸ் என்று வையுங்கள். தினம் ஆறு மணி நேரம், இரண்டு மாதம், மொத்தம் 36 யூனிட். ஒரு ஏசியின் செலவுக்குப் பக்கத்தில் இது வராது. பெட்டியில் உள்ள நட்சத்திரத்தைப் பாருங்கள், ஆனால் அதற்காக அளவைக் குறைக்காதீர்கள்.

இப்போது கம்பெனிப் பெயருக்கு வரலாம். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் ஆன்லைனில் விலை குறைவு என்று வாங்கிய டிவியில் நெடுக்காகக் கோடு விழுந்தது. வாரண்டி இருந்தது, போன் எடுத்தார்கள், பாகம் வரவில்லை என்றே மாதக்கணக்கில் இழுத்தார்கள். அவர்கள் வீட்டுப் பாட்டி சாயங்காலமானால் எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்திருப்பார். அதிலிருந்து நான் எல்லோரிடமும் சொல்வது, வாங்கும் முன்பே அந்தக் கம்பெனியின் இலவச எண்ணுக்குப் போன் போட்டு உங்கள் பின்கோடைச் சொல்லி, சர்வீஸ் ஆள் எந்த ஊரிலிருந்து வருவார் என்று கேளுங்கள். தஞ்சாவூர், கும்பகோணம் என்றால் நல்லது, திருச்சி என்றால் பரவாயில்லை, டிவியைக் கட்டி அனுப்ப வேண்டும் என்றால் அந்தப் பெயரை அடித்துவிடுங்கள். அதே போல உங்கள் ஊர் டிவி மெக்கானிக்கிடம் எந்த டிவிக்கு போர்டும் எல்இடி பட்டையும் சுலபமாகக் கிடைக்கிறது என்று கேளுங்கள். அவர் சொல்லும் இரண்டு மூன்று பெயர் எந்த விமர்சன வீடியோவையும்விட உங்களுக்கு உபயோகப்படும். பேனலே போனால் மாற்றும் செலவு புது டிவி விலையை நெருங்கிவிடும், அதனால் கூடுதல் வாரண்டி எடுத்தால் அது பேனலுக்கும் சேர்த்தா, கம்பெனி கொடுப்பதா, கடை கொடுப்பதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

விலை. 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது. வரிக்கு முன் 30,000 விலையுள்ள டிவி முன்பு 38,400, இப்போது 35,400. மூவாயிரம் மிச்சம். ஆடித் தள்ளுபடி, தீபாவளி, பொங்கல் மூன்றிலும் விலை இறங்கும், புது மாடல் வந்ததும் போன வருஷ மாடலைத் தள்ளிவிடுவார்கள், அது நம்மைப் போன்றவர்களுக்கு லாபம், வித்தியாசம் பெரும்பாலும் பெயரில்தான் இருக்கும். பெட்டியில் தயாரித்த மாதத்தை மட்டும் பாருங்கள். வட்டியில்லாத் தவணை என்றால், ரொக்கத்துக்கு எவ்வளவு குறைப்பீர்கள் என்று அதே மூச்சில் கேளுங்கள், தவணையில் எடுப்பதால் உங்களுக்குக் குறைக்காமல் விடும் அந்தத் தொகையும் பிராசஸிங் கட்டணமும்தான் உங்கள் வட்டி. ஆன்லைன் விலையைப் போனில் எடுத்துக்கொண்டு போய் ஊர்க் கடையில் காட்டினால் ஐந்நூறு, ஆயிரம் வித்தியாசத்தில் கொடுத்துவிடுகிறார்கள். அந்த ஆயிரத்துக்கு நான் ஊர்க் கடைக்குத்தான் ஓட்டுப் போடுவேன், உடைந்து வந்தால் அதே வண்டியில் திருப்பி அனுப்பலாம், பேசுவதற்கு ஒரு முகம் இருக்கும்.

கடைக்குப் போகும்போது ஒரு பென்டிரைவில் நீங்கள் வழக்கமாகப் பார்ப்பதை ஏற்றிக்கொண்டு போங்கள். ராத்திரிக் காட்சி உள்ள ஒரு படம், கொஞ்சம் கிரிக்கெட், மங்கலான ஒரு பழைய பாட்டு. கடை டிவிகள் கண்ணைப் பறிக்கும் அமைப்பில் ஓடும், அதை சாதாரண அமைப்புக்கு மாற்றச் சொல்லி உங்கள் வீடியோவை ஓட்டுங்கள். எங்கள் வீட்டுக்கு எடுக்கும்போது அதே விலையில் ஒரு 50 இன்ச் க்யூஎல்இடியும் ஒரு சாதாரண 55 இன்ச் 4கேயும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பளபளப்பில் முதலாவது ஜெயித்தது. அப்பாவைப் பக்கவாட்டில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வைத்துச் செய்தி ஓட்டினோம், "இதுல எழுத்து நல்லா தெரியுதுப்பா" என்று இரண்டாவதைக் காட்டினார். அதையே எடுத்தோம்.

வண்டியில் வரும்போது பெட்டியைப் படுக்க வைக்கக் கூடாது, நிற்க வைத்துத்தான் கொண்டுவர வேண்டும். பிரிப்பதை முதலிலிருந்து வீடியோ எடுங்கள், உடைந்த திரைக்கு வாரண்டி கிடையாது. மாட்டின ஆள் கிளம்பும் முன் யூடியூபில் முழு வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலத் திரை வரும் சோதனை வீடியோவைப் போட்டு, புள்ளியோ கறையோ ஓரத்தில் வெளிச்சக் கசிவோ இருக்கிறதா பாருங்கள், இருந்தால் அவர் இருக்கும்போதே எழுதி வாங்குங்கள். அன்றைக்கே பின்விளக்கு அளவை நூறிலிருந்து ஐம்பது, அறுபதுக்கு இறக்கிவிடுங்கள். எங்கள் பக்கத்து மெக்கானிக்குகளிடம் அதிகம் வருவது எரிந்துபோன எல்இடி பட்டைதான், முழு வெளிச்சத்தில் வருஷக்கணக்கில் ஓட்டினால் அந்தப் பட்டை சீக்கிரம் போகும்.

வயலை ஒட்டிய வீடு என்றால் இன்னொன்றுக்கும் தயாராக இருங்கள். சம்பா பயிர் நிற்கும் மாதங்களில் பச்சைத் தத்துப்பூச்சி வெளிச்சத்தைத் தேடிக் கூட்டமாக வரும், விளக்கை அணைத்துவிட்டு டிவி மட்டும் ஓடினால் நாலடித் திரை முழுக்க அதுதான் மொய்க்கும். கையால் தேய்த்து நசுக்கிவிடாதீர்கள், ஈரத்துணி, கண்ணாடி துடைக்கும் தண்ணீர் எதுவும் வேண்டாம், மேலே இருப்பது கண்ணாடி இல்லை, மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு, கீறல் விழும். வாசல் விளக்கைப் போட்டுவிட்டுப் பத்து நிமிஷம் டிவியை நிறுத்தினால் பூச்சி வெளியே போய்விடும், மிச்சத்தை மறுநாள் காலை காய்ந்த மைக்ரோஃபைபர் துணியால் மெதுவாகத் துடைத்து எடுக்கலாம்.